ஒத்தக்கண்ணன், ஏழு பத்து

எனக்குக் கோபம் வந்தால் எண்ணத் தொடங்கிவிடுவேன். சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த பழக்கம். கோபம் வந்தால் பத்து வரைக்கும் எண்ணு, தன்னால் அடங்கிவிடும் என்றார். பத்தில் அடங்குகிற கோபமா என்னுடையது? அறுபது, எழுபது என்று போய்க்கொண்டே இருக்கும். எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறுகிற தலைகளை நான் எண்ண ஆரம்பித்தது அப்படித்தான்.

ஊர் செம்பனேந்தல். கண்டரமாணிக்கத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே. என் பேர் மரிய அனிதா, காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். பத்தொன்பது வருஷமாகக் காலை ஏழு பத்து வண்டியில்தான் வேலைக்குப் போகிறேன். ஏழு பத்து என்பது போர்டில் எழுதியிருக்கும் நேரம். வண்டி தன் இஷ்டத்துக்கு ஏழு பதினைந்து, ஏழு இருபது என்று வந்து சேரும். அதற்கு முன்பக்க விளக்கு இரண்டில் ஒன்று எரியாது. மார்கழிப் பனியில் ஒற்றை வெளிச்சத்தோடு கண்மாய்க்கரை வளைவில் திரும்பி வருவதைப் பார்த்து யாரோ வைத்த பேர், ஒத்தக்கண்ணன். நடுவில் ஒரு தடவை வேறு வண்டி விட்டார்கள். ஆறே மாதத்தில் அதற்கும் ஒரு கண் போய்விட்டது. பேர் மட்டும் போகவில்லை.

ஒரு மழை நாளில் வண்டி வராமலே போனது. அன்றைக்கு ஆத்திரம் தாங்காமல் போனில் நாலு வரி எழுதிப் போட்டேன். மறுநாளும் எழுதினேன். அப்படியே பழகிவிட்டது. முதலில் எழுதியது எல்லாரும் வைத்திருக்கிற ஒரு பெரிய கம்பெனியின் ஆப்பில். எட்டு மாதம் போனது. ஒரு நாள் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். "நீங்கள் தினமும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி எழுதுகிறீர்கள், நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்" என்று ஒரு செய்தி. இத்தனை வருஷம் அந்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனதில் எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு. அதற்காக அவன் கேட்கலாமா? போட்டோ அனுப்பினேன், ஆதார் அனுப்பினேன், திட்டி ஒரு கடிதமும் அனுப்பினேன். பதிலே இல்லை. எட்டு மாதம் எழுதியது அத்தனையும் போச்சு.

என் தம்பி செல்வின் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அவனும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்து 'முச்சந்தி' என்று ஒரு சர்வர் நடத்துகிறார்கள். போனில் அவனிடம் புலம்பியபோது சொன்னான்:

"எங்க எடத்துக்கு வாக்கா. இது ஒரு கம்பெனி கெடையாது. எங்களை மாதிரி ஆயிரக்கணக்கான பேரு ஆளுக்கொரு எடம் வச்சிருக்காக. ஒரு எடத்துல எழுதுனது இன்னொரு எடத்துல இருக்கவனுக்கும் தெரியும். நாளைக்கு என்னையப் பிடிக்கலைன்னா எழுதுனதுக்கெல்லாம் ஒரு பிரதி எறக்கிக்கிட்டு வேற எடத்துக்குப் போயிரலாம்."

"ஒன்னைய இப்பவே பிடிக்கலை. மேல சொல்லு."

"ஒண்ணே ஒண்ணுதான். இங்க ஒன் எழுத்தைத் தூக்கிட்டுப் போயி அடுத்தவன் மூஞ்சியில காட்டுறதுக்கு ஆளு கெடையாது. தேடி வர்றவுகளுக்குத்தான் கெடைக்கும். அதுக்கு ஹேஷ்டேக் போடணும். அவுக என்ன வார்த்தையைப் போட்டுத் தேடுவாகளோ அந்த வார்த்தை. புரியுதா?"

புரிகிறது என்றேன். புரியவில்லை என்பது மூன்று வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

கணக்குத் தொடங்கும்போது அந்த ஆப் கேட்டது, நீங்கள் எழுதுவதை வெளியில் தேடுகிறவர்களுக்கும் காட்டலாமா என்று. வேண்டாம் என்று அழுத்தினேன். என் கோபம் ஊரான் வீட்டுக்கு எதற்கு? ஹேஷ்டேக் என்ன போடுவது என்று யோசிக்கவே இல்லை. எங்கள் வண்டிக்கு வேறு பேர் ஏது? #ஒத்தக்கண்ணன்.

அன்றிலிருந்து வேலை நாள் தவறாமல் எழுதினேன். "ஒத்தக்கண்ணன் இன்னைக்கு 7.19. குன்றக்குடி மலை தெரியும்போது எண்ணினேன். உட்கார்ந்தவர் 44, நின்றவர் 21. என் காலை மிதித்தவர் 3." இப்படி. சில நாள் கோபம் மட்டும் இருக்கும்: "இன்னைக்கும் லேட்டு. நாசமாப் போக." அறுநூற்று நாற்பது பதிவுகள் சேர்ந்தன. படிக்கிறவர்கள் பதினோரு பேர். அதில் நாலு பேர் என் சொந்தக்காரர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் பக்கத்து சீட்டுக்கு சத்தியப்பிரியா வந்தாள். முப்பது வயது. அவள் புருஷன் வீரபாண்டியன் தென்னை மரத்தில் தேங்காய் போடும்போது விழுந்து இடுப்பு உடைந்து படுத்தவர், இப்போதுதான் குச்சி ஊன்றி நடக்கிறார். மகள் இரண்டாம் வகுப்பு. கல்யாணத்துக்கு முன்னால் படித்த லேப் டெக்னீசியன் சான்றிதழைத் தூசி தட்டி எடுத்து, காரைக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வெறும் வயிற்றோடு சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எட்டு மணிக்கு ஊசியோடு அவள் அங்கே நிற்கவேண்டும். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்த வேலையால்தான்.

நான் எழுதுவதை அவள் எட்டிப் பார்ப்பாள். ஒரு நாள் கேட்டாள்:

"ஏக்கா, ஒத்தக்கண்ணன்னு போட்டா நமக்குத் தெரியும். வெளியூர்க்காரவுகளுக்கு என்னன்னு தெரியும்? ஏதோ முனியாண்டி சாமின்னுல்ல நெனைப்பாக."

"தெரியாட்டிப் போறாக. ஒன்னைய ஆரு கேட்டா?" என்றேன். அவள் சிரித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

இந்த ஜூலை இரண்டாம் வாரம், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பயணிகள் வரத்து மிகக் குறைவாக இருப்பதால் செம்பனேந்தல் காலை 7.10 நடை ஆகஸ்ட் முதல் தேதி முதல் நிறுத்தப்படுகிறது, ஆட்சேபனை உள்ளவர்கள் இம்மாதம் இருபத்தைந்தாம் தேதிக்குள் தெரிவிக்கலாம். அந்தத் தாளைப் படிக்க முடியாத அளவுக்கு அதற்கு முன்னால் எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"வரத்துக் குறைவாம்ல!" என்று கீரைக்கட்டுகளை மடியில் வைத்திருந்த சோலையம்மாள் கத்தினாள். "ஏப்பா வீரணா, என் கூடையை வைக்க எடமில்லாம பத்து வருசமா மடியில வச்சுக்கிட்டு வாரேன். இது குறைவா?"

கண்டக்டர் வீரணன் டிக்கெட் மிஷினைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "என்னைய ஏன்த்தா வையிறீக. மே மாசம் ரெண்டு வாரம் ஆளு விட்டு எண்ணிருக்காக. பள்ளிக்கூடம் லீவு, காலேஜ் லீவு. வண்டி காலியாத்தானே போச்சு."

அடுத்த பஸ் ஒன்பது இருபதுக்கு. எனக்குப் பிரச்சினை இல்லை, தலைமையாசிரியரிடம் சண்டை போட்டு ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிவிடுவேன். சத்தியப்பிரியாவைப் பார்த்தேன். தாளைப் பார்க்கவே இல்லை அவள். கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எட்டு மணிக்கு வரமுடியாட்டி வேற ஆளு இருக்குன்னு முந்தியே சொல்லிட்டாகக்கா," என்றாள். "அவருக்கு வண்டி ஓட்ட முடியாது. எனக்கு வண்டியும் இல்லை. காரைக்குடியில வீடு எடுத்து இருக்க முடியுமா? அவ்வளவுதான்க்கா. முடிஞ்சது."

"என்னத்தை முடிஞ்சது? மூணு வருசம் எண்ணி வச்சிருக்கேன்டி நான்," என்றேன். சொல்லும்போது எனக்கு ஒரு மிதப்பு. ஏதோ இந்த நாளுக்காகவே கர்த்தர் என்னை எண்ண வைத்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஆபீசுக்குப் போனேன். வழித்தடம் பார்க்கிற அதிகாரி அருள்பிரகாசம் என்று ஒருவர். ஐம்பது வயது இருக்கும். மரியாதையாக உட்காரச் சொன்னார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை, சண்டை போடத் தயாராகப் போயிருந்தேன். போனை எடுத்துக் காட்டினேன்.

பொறுமையாகப் பத்து இருபது பதிவு படித்தார்.

"இது நீங்களே எழுதினதும்மா. நீங்களே எழுதினதை நீங்களே வந்து காட்டினா நான் என்னன்னு ரிப்போர்ட்ல எழுதறது? ஒத்தக்கண்ணன்னு போட்டிருக்கு. எந்த ஊரு, எந்த வண்டின்னு எங்கயும் இல்லையே? 'இன்னைக்கும் லேட்டு, நாசமாப் போக'. எது நாசமாப் போக?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் தன் கம்ப்யூட்டரில் 'கண்டரமாணிக்கம் காரைக்குடி காலை பஸ்' என்று அடித்துக் காட்டினார். ஏதோ ஒரு கல்யாண மண்டபம் வந்தது. ஒரு பிரியாணிக் கடை வந்தது. எங்கள் வண்டியைப் பற்றி ஒரு வரி இல்லை.

"பாருங்க. இப்படி ஒரு பஸ் ஓடினதாவே உலகத்துக்குத் தெரியலையே. வேற யாராவது, உங்களைத் தெரியாத ஒருத்தர், இதைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற மாதிரி இருந்தா அது சாட்சி. இருபத்தஞ்சாம் தேதி வரைக்கும் நேரம் இருக்கு."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று செல்வினுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"அக்கா, வெளியில தேடுறவுகளுக்குக் காட்டலாமான்னு கேட்டுச்சே, என்ன சொன்ன?"

"வேணாம்னேன்."

"டேக்கு?"

"ஒத்தக்கண்ணன்."

"மூணு வருசமாவா?"

"ஆமாடா! மூணு வருசமாத்தான்! எத்தனை தடவை கேப்ப?"

"அப்ப நீ மூணு வருசமா எழுதி பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிருக்கக்கா. எடம் நெலைச்சு நின்னா மட்டும் போதுமா? கதவு வேணாமா? அந்தப் புள்ள சொன்னப்பவாச்சும் கேட்டிருக்கலாம்ல."

போனை வைத்துவிட்டேன். எண்ணினேன். கோபம் யார் மேல் என்று பார்த்தால் என் மேல்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண் சொன்ன ஒரு வார்த்தையை என் வாய்க்கொழுப்பில் தட்டிவிட்டேன். இப்போது அவள் வேலைக்கே ஆபத்து வந்து நிற்கிறது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை வண்டியில் சத்தியப்பிரியாவிடம் அதை அப்படியே சொன்னேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத வார்த்தை அது. அவள் என்னைத் திட்டவில்லை.

"சரிக்கா, இப்ப என்ன செய்யலாம்? பழசைத் திருத்த முடியுமா?"

முடியும். ஒவ்வொன்றாகத் திருத்தலாம். திருத்தினால் 'திருத்தப்பட்டது' என்று ஒரு குறி விழும், அதைத் தொட்டால் முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன சேர்ந்தது என்று இரண்டும் தெரியும். மொத்தத்தையும் சர்வருக்குள் புகுந்து ஒரே தட்டில் மாற்றித் தருகிறேன் என்று செல்வின் சொன்னான். அப்படிச் செய்தால் அந்தக் குறி விழாது. வேண்டாம் என்றேன். திருத்தினது நான் என்று தெரியட்டும், மறைக்க என்ன இருக்கிறது?

என்ன வார்த்தை சேர்ப்பது என்பதை இந்தத் தடவை நான் முடிவு செய்யவில்லை. சத்தியப்பிரியா எழுந்து நின்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"நம்ம பஸ் எப்ப வரும்னு தெரியணும்னா போன்ல என்னன்னு அடிச்சுத் தேடுவீக?"

ஆளுக்கொன்று சொன்னார்கள். 'காரைக்குடி பஸ் டைம்' என்று காலேஜ் பெண்கள். 'கண்டரமாணிக்கம் டவுன் பஸ்' என்று ஒருவர். தமிழில் தேடமாட்டேன், இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்பேன் என்று பாதிப் பேர். 'கண்டரமாணிக்கம்' என்பதை இங்கிலீஷில் நாலு விதமாக எழுதினார்கள். "நான் எதுக்குத்தா தேடணும், ரோட்டுல வந்து நின்னா வருது," என்றாள் சோலையம்மாள். அது ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் எழுதிக்கொண்டோம்.

என் பாஸ்வேர்டை அவள் போனிலும் போட்டேன். போகிறபோதும் வருகிறபோதும் இரண்டு போனிலும் வேலை. மேலே ஊர், வழி, தேதி. கீழே ஹேஷ்டேக். 'இன்னைக்கு' என்று இருந்த இடத்தில் எல்லாம் தேதி. 'நாசமாப் போக' என்று மட்டும் இருந்ததற்குச் சேர்க்க எதுவும் இல்லை, அந்த நாள்களில் நான் எண்ணவே இல்லை. அதை அப்படியே விட்டோம். இதற்கிடையில் ஒரு பதிவு புதிதாக எழுதி, என் பக்கத்தின் மேலேயே நிற்கிற மாதிரி வைத்தேன். செம்பனேந்தலிலிருந்து கண்டரமாணிக்கம், குன்றக்குடி வழியாகக் காரைக்குடி போகும் காலை பஸ்ஸின் பயணிகள் எண்ணிக்கை, மூன்று வருஷம், மாத வாரியாக. ஒத்தக்கண்ணன் என்பது அதன் செல்லப்பேர். வெளியில் காட்டலாமா என்ற கேள்விக்குப் போய், காட்டு சாமி என்று அழுத்தினேன்.

ஐந்தாம் நாள் மே மாதத்துக்கு வந்தோம்.

பள்ளிக்கு லீவு விட்டாலும் ஆபீசுக்கு லீவு கிடையாது. மே மாதமும் நான் போயிருக்கிறேன், எண்ணியிருக்கிறேன். 17. 14. 19. 16. மூன்று வருஷ மே மாதமும் இதே கதை. சத்தியப்பிரியாவின் விரல் நின்றுவிட்டது.

"அக்கா, இது எதுக்கு? இதை அழிச்சிருவமா?"

நான் அந்தப் பதிவுகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்.

"அவுக சொல்றதைத்தானே இதுவும் சொல்லுது. ஆரு கேக்கப்போறா? அறுவது பதிவுதான். ஒரு தட்டு தட்டுனாப் போயிரும்."

சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். எனக்கும் அந்த ஆசை இருந்தது. அவள் மகளின் முகம் கண்ணில் வந்தது. பதினேழு என்பதில் முதல் எண்ணை மட்டும் மாற்றினால் நாற்பத்தேழு. என் விரல் அழிக்கும் பொத்தான் மேல் இருந்தது. ஆனால் அந்தப் பதினேழு பேரை நான் எண்ணியிருந்தேன். அன்றைக்கு யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று இப்போதும் சொல்வேன். அதை அழித்தால் மிச்சம் அறுபத்தைந்தும் அறுபத்தேழும் நான் கண்டபடி எழுதினது என்றுதான் ஆகும்.

"முடியாதுத்தா. எண்ணுனது எண்ணுனதுதான்."

"ஒங்களுக்கு வேலை போகாது. அதான் பேசுறீக," என்றாள். கண் கலங்கிவிட்டது. மறுநாள் முன்னால் போய் சோலையம்மாளின் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மிச்சத்தை நான் தனியாகத் திருத்தி முடித்தேன். அந்த மூன்று நாள் எனக்கு மனசு சரியாகவே இல்லை. தப்புச் செய்துவிட்டேனோ என்று வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் நின்று கேட்டேன்.

இருபத்துமூன்றாம் தேதி ஒரு கேள்வி வந்தது. வேறு ஏதோ சர்வரிலிருந்து, 'வழிப்போக்கன்' என்ற பேரில். படம் கிடையாது. "வணக்கம். இந்த எண்ணிக்கை எந்த இடத்தில் எடுக்கப்படுகிறது?"

இருந்த எரிச்சலில் எழுதினேன்: "பஸ்ஸுக்குள்ளதான். பின்ன பனைமரத்துல ஏறியா எண்ணுவாக?"

ஐந்து நிமிஷத்தில் செல்வின் போனில் கத்தினான். "மூணு வருசத்துல மொதத் தடவையா தெரியாத ஆளு ஒருத்தரு வந்து கேள்வி கேக்குறாரு. அவருட்டயும் எரிஞ்சு விழுகுற. நீயெல்லாம் எதுக்குக்கா கதவு தெறந்த?"

அவன் சொன்னது நியாயம். அடுத்த வரியில் ஒழுங்காக எழுதினேன். குன்றக்குடி நிறுத்தத்துக்கு முன்னால், மலை தெரிகிற இடத்தில், தினமும் அதே இடத்தில் எண்ணுகிறேன், டிரைவர், கண்டக்டர் சேர்க்கவில்லை, என்னைச் சேர்த்திருக்கிறேன்.

"நன்றி" என்று ஒரு சொல் வந்தது. அவ்வளவுதான்.

இருபத்துநாலாம் தேதி காலை கண்டரமாணிக்கம் நிறுத்தத்தில் பின்படியில் ஒருவர் ஏறினார். சட்டை கசங்காத ஆள். உள்ளே வர இடமில்லை. அவருக்கு முன்னால் இரண்டு கம்ப்யூட்டர் பைகள், ஒரு சாப்பாட்டுக் கூடை, யாரோ ஒருவருடைய குடை. எட்டிப் பார்த்தேன். அடி ஆத்தி, அருள்பிரகாசம்!

குன்றக்குடி மலை தெரிந்தது. நான் வழக்கம்போல எண்ணினேன். அவர் கம்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு உதடு அசைய எண்ணுவதையும் பார்த்தேன். இறங்குகிற இடத்தில் ஆள் நகர்ந்தபோது என் பக்கத்தில் வந்தார்.

"நான் அறுபத்தாறு எண்ணினேம்மா. நீங்க?"

"அறுபத்தேழு."

"ஒண்ணு இடிக்குதே."

"ஒங்களை எண்ண மறந்துட்டீக."

வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: "ரிப்போர்ட் அனுப்பறதுக்கு முன்னாடி மனசு கேக்காம இன்னொரு தடவை அதே வார்த்தையைப் போட்டுத் தேடினேன். நீங்க வந்திருந்தீங்க. வழிப்போக்கன் நான்தான். ஜூன், ஜூலை எண்ணிக்கையை நான் நம்பலை. யார் வேணா எழுதலாமே. அப்புறம் மே மாசம் பார்த்தேன். பதினாலாம் தேதி உங்க கணக்கு பதினேழு. எங்க ஆளு குன்றக்குடியில நின்னு எடுத்த கணக்கும் பதினேழு. பதினஞ்சாம் தேதி பதினாலு, பதினாலு. பத்து நாள்ல ஒன்பது நாள் ஒத்துப்போச்சு. உங்களுக்குப் பாதகமான இடத்துல உண்மை எழுதியிருக்கிற ஆளு மத்த இடத்துல எதுக்குப் பொய் எழுதணும்? எண்ணினதுல தப்பில்லை, எண்ணின மாசம்தான் தப்பு. அப்படியே எழுதியிருக்கேன்."

இரண்டு சீட்டு முன்னால் சத்தியப்பிரியா திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது. இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுத்தி ஒரு தடவை பிடித்தாள். அப்புறம் எட்டு மணியாகிவிட்டது என்று ஓடினாள். எனக்கு அழுகை வந்தது. நடுரோட்டில் நின்று அழுதேன், போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று.

முப்பதாம் தேதி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வேறு தாள் ஒட்டினார்கள். 7.10 நடை தொடரும். ஆகஸ்டில் வண்டியை ஒரு வாரம் பட்டறையில் நிறுத்தி அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது இரண்டு விளக்கும் எரிந்தது.

"இனிமே ரெட்டைக்கண்ணன்," என்றார் வீரணன். "அனிதாம்மா, போன்லயும் பேரை மாத்திருங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் சத்தியப்பிரியா பாய்ந்தாள். இப்போது மறுபடியும் என் பக்கத்து சீட்டுதான். "அதெல்லாம் மாத்தக்கூடாதுண்ணே. பேரை மாத்துனா பழசு ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம் போயிரும். தேடுறவுக எங்குட்டுப் போவாக?"

எரிந்து விழுகிற என் வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் எண்ணுவது நான், எழுதுவது பாதி நாள் அவள். மாதம் ஒரு தடவை மொத்தத்தையும் பிரதி எடுத்துச் செல்வினுக்கு ஒன்று, எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒன்று என்று வைக்கிறோம். முச்சந்தி நாளைக்கே மூடினாலும் ஒத்தக்கண்ணன் ஓடும்.

போன வாரம் கண்டரமாணிக்கம் நிறுத்தத்தில் ஒரு புதுப்பெண் நின்றிருந்தாள். பெரிய பை, கழுத்தில் அடையாள அட்டை. காரைக்குடியில் வேலை கிடைத்து வந்திருப்பாள் போல. வண்டி நின்றதும் ஏறவில்லை. போனைப் பார்த்தாள், வண்டியின் முகத்தைப் பார்த்தாள், திரும்பவும் போனைப் பார்த்தாள். வண்டி கிளம்பிவிடும் என்று எனக்கு எரிச்சல் வந்து எண்ணத் தொடங்கினேன்.

"ஏங்க, ஒத்தக்கண்ணன் இதுதானுங்களா?" என்று தர்மபுரிப் பக்கத்துப் பேச்சில் கேட்டாள். "ஆனா ரெண்டு லைட்டும் எரியுதே?"

பஸ்ஸே அவளைத் திரும்பிப் பார்த்தது. எங்கள் வண்டியின் பேரை வெளியூர்க்காரர் வாயிலிருந்து நாங்கள் யாரும் கேட்டதே இல்லை.

சத்தியப்பிரியா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "இதேதான்த்தா, ஏறு, ஏறு! எட்டு மணிக்குள்ள கொண்டுபோயி விட்டுரும்!"

அந்தப் புதுப்பெண் படியில் கால் வைத்தாள். அறுபத்தெட்டு.